படியாள் கடன் முதல் படிப்புக் கடன் வரை

தில்லை என்ற சொல்லைக் கேட்டவுடன் பிறர்க்குப் பொன்னம்பலம் நினைவுக்கு வரும். நம் சமுதாயத்தார்க்கு முதற்கண் நினைவுக்கு வருபவர் நந்தனாரே ஆவார். நாளைப் போவேன் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தமையால் சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்று போற்றினார். சேக்கிழார் கூறிய வரலாற்றில் நந்தனாரைத் தடுத்து நிறுத்திய ஆண்டை எவரும் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில்தான் அந்த ஆண்டை வருகிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்தாலன்றிச் சிதம்பரம் செல்ல விடையில்லை என்கிறார். பக்தர்கள் இதில் இறைவன் திருவருளைக் காண்பர். வரலாறு பயிற்றும் நமக்கோ இதில் அந்த நூற்றாண்டின் படியாள் வாழ்வும் தெரிகிறது. ஆண்டையிடம் விடை பெறாமல் ஊர் எல்லையைத் தாண்ட இயலாத மனிதர்கள் அன்று நம் மாவட்டத்தில் ஊர்தோறும் இருந்தனர். அவர்களைக் கட்டியிருந்த கயிறுகளுள் வலியது கடன்.

நம் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பொறுப்பாளர்கள் கேட்டபோது, பழம்பெருமை பேசி முடித்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அண்மைக் காலத்தில் நம்மைக் காண வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே வினாவையே எழுப்புகின்றனர். "கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வார்களா? வழக்குப் போட்டால் ரத்தாகுமா?" என்பதே அவ்வினா. கழகம் தோன்றிய 2000-ஆம் ஆண்டில் இவ்வினாவை எவரும் கேட்டதில்லை. அன்று நம் பிள்ளைகள் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டுவதே பெருங்கவலையாக இருந்தது. கால் நூற்றாண்டில் கவலை மாறியுள்ளது. இது வளர்ச்சியின் அடையாளமே. ஆயினும் வளர்ச்சியோடு வந்த சுமையையும் நாம் பேசியாக வேண்டும். ஆகவே கடனுக்கும் கல்விக்கும் நம் சமுதாயத்தில் உள்ள உறவையும், நீதிமன்றங்கள் இது குறித்துக் கூறியவற்றையும் முறையாக எடுத்துரைக்க முனைகிறோம்.

கடனால் கட்டுண்ட வாழ்வு

1993 வரை தென்னார்க்காடு என்னும் பெரிய மாவட்டத்தின் தலைநகராகக் கடலூர் விளங்கியது. கொள்ளிடமும் வீராணமும் நீரூட்டிய இம்மாவட்டத்தின் தென்பகுதி நெல் விளையும் பூமி. நிலம் சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்தன. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லை என்று அறிவித்தது. அடிமை முறி செல்லாது என்றான பின்னர் அதன் இடத்தில் கடன் முறி வந்து அமர்ந்தது. திருமணத்துக்கு வாங்கிய சிறு தொகைக்காகத் தந்தை பண்ணையாள் ஆவான். வட்டிக்காக மகன் மாடு மேய்ப்பான். கணக்கு மட்டும் ஆண்டையின் ஏட்டில் இருக்கும். படிக்கத் தெரியாதவனுக்கு அந்த ஏட்டில் எழுதியிருப்பது என்ன என்று எப்படித் தெரியும்? கடனும் கல்லாமையும் ஒன்றுக்கொன்று காவல் நின்றன.

1938-இல் இராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வட்டிச் சுமையால் நொந்த உழவர்க்கு அது பேருதவி செய்தது. அதனை எதிர்த்துக் கடன் கொடுத்தோர் அன்றைய கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றனர். ஆனால் அச்சட்டம் நிலத்தில் உரிமை உடையவர்களையே விவசாயி என்று வரையறுத்தது. சேற்றில் இறங்கி உழைத்தும் கையகல நிலமற்றிருந்த நம் முன்னோர்க்கு அதனால் விளைந்த பயன் சிறிதே.

நம் மக்களின் கடனை நேராகத் தொட்ட சட்டம் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே ஆகும். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, மறு ஆண்டு நாடாளுமன்றச் சட்டமாயிற்று. கொத்தடிமைகள் விடுதலை பெற்றனர் என்பதோடு அது நிற்கவில்லை. அவர்களைக் கட்டிய கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே ஒழிந்தது என்றும் கூறியது. ஏறத்தாழ அதே காலத்தில் மாநிலங்கள் பலவும் ஏழைகளின் கடனை நீக்கும் சட்டங்களை இயற்றின. மகாராஷ்டிர மாநிலச் சட்டத்தை எதிர்த்து வட்டிக்கடைக்காரர்கள் தொடுத்த வழக்கில், 1977-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அச்சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஏழையைக் கடனிலிருந்து மீட்பது அரசின் தகுந்த கடமையே என்பது அதன் சாரம்.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அச்சட்டங்கள் தனியாரிடம் பட்ட கடனையே நீக்கின. வங்கிக் கடன் அவற்றின் வரம்புக்கு வெளியே நின்றது. அன்று நம்மவர்க்கு வங்கியின் வாயிற்படியே தெரியாதாகையால் இது பெரிதாகத் தோன்றவில்லை. இன்று நம் பிள்ளைகளின் கடன் முழுவதும் வங்கியில்தான் உள்ளது.

கடனில்லாக் கல்வி கண்ட காலம்

நம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் கல்வியின் வரலாற்றைச் சுவாமி சகஜானந்தரை விடுத்துப் பேச இயலாது. ஆரணிப் பகுதியில் பிறந்து சிதம்பரம் வந்த அத்துறவி 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். அந்தப் பெயரிலேயே ஒரு செய்தி உண்டு. விடை கேட்டு நின்றவனின் பெயர், எவரும் விடை கேட்காமல் நுழையும் கல்விக்கூடத்தின் பெயராயிற்று. சட்டமன்றத்திலும் மேலவையிலும் அமர்ந்து, 1959-இல் மறையும் வரை அவர் வாதாடியது நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் உதவித் தொகையும் வேண்டும் என்பதற்காகவே.

அண்ணல் அம்பேத்கர் வாழ்விலும் கல்விக்குக் கட்டு ஒன்று இருந்தது. 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித் தொகையில் அவர் அமெரிக்கா சென்றபோது, படித்து வந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். 1917-இல் திரும்பி வந்து ஒப்பந்தப்படி பணியில் சேர்ந்தார். ஆனால் அந்நகரில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். ஒப்பந்தத்தை எழுதி வாங்கிய சமூகமே அதனை நிறைவேற்றவிடாது தடுத்தது. கடன் கொடுத்துப் படிக்க வைத்து, படித்தவனுக்கு வேலை கொடாது, கடனை மட்டும் கேட்கும் இன்றைய நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவேதான் அண்ணல் அதிகாரத்தில் அமர்ந்தபோது நம் மாணவர்க்காகக் கேட்டது திருப்பித் தர வேண்டாத உதவித் தொகையை. 1942-இல் வைசிராய்க்கு அளித்த விண்ணப்பத்தில் அதனை வலியுறுத்தினார். 1944-இல் ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் ஒதுக்கீட்டில் தாழ்த்தப்பட்டோர்க்கான உயர்கல்வி உதவித் தொகை தொடங்கியது. 1948-இல் அது பழங்குடியினர்க்கும் விரிந்தது. அந்தத் திட்டமே இன்றுவரை போஸ்ட் மெட்ரிக் உதவித் தொகை என்ற பெயரில் தொடர்கிறது. இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்கள், எழுத்தர்கள், பொறியாளர்கள் பலரும் அத்தொகையில் பயின்றவர்களே, நாமும் அவ்வாறே. நம் காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தர் எல். இளையபெருமாள் 1965-இல் அமைக்கப்பெற்ற அகில இந்தியக் குழுவின் தலைவராக இருந்து, தீண்டாமை பற்றியும் நம் மக்களின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் 1969-இல் அளித்த அறிக்கையை இளைஞர்கள் தேடிப் படித்தல் வேண்டும்.

கடனாகத் தரப்பட்ட கல்வியுதவியும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. 1963-64 முதல் மைய அரசு தேசியக் கடன் உதவித் தொகை என்றொரு திட்டத்தை நடத்தியது. அதில் வியக்கத்தக்க ஒரு விதி இருந்தது. கடன் பெற்றுப் படித்தவர் ஆசிரியப் பணியில் சேர்ந்தால், பணி செய்யும் ஒவ்வோராண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். சேவையே கடனை அடைக்கும் என்ற அந்த எண்ணம் பிற்காலத் திட்டங்களில் இடம்பெறாமற் போயிற்று.

கட்டணம் உயர்ந்தது, கடன் வந்தது

1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தோன்றலாயின. இடங்கள் பெருகின, கட்டணமும் பெருகிற்று. 1992-இல் மோகினி ஜெயின் வழக்கில் கல்வி அடிப்படை உரிமை என்றும், நன்கொடைக் கட்டணம் அதற்கு மாறானது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. நாடே மகிழ்ந்தது. மறு ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில் அவ்வுரிமை பதினான்கு வயது வரைதான் முழுமையானது என்றும், அதற்குமேல் அரசின் பொருளாதார ஆற்றலைப் பொறுத்தது என்றும் வரையறை செய்யப்பட்டது. எனினும் தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்குக் குறைந்த கட்டணம் என்ற ஏற்பாட்டை அத்தீர்ப்பு தந்தது. 2002 அக்டோபரில் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து அந்த ஏற்பாட்டையும் நீக்கினர். தனியார் கல்லூரிகள் கொள்ளையடித்தல் கூடாது. ஆயினும் தம் கட்டணத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

அப்பொழுதே மறுபுறம் வங்கிக் கடன் வந்து நின்றது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை 2001 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அனைத்து வங்கிகளுக்கும் அனுப்பியது. நான்கு லட்ச ரூபாய் வரை ஈடு வேண்டா. பெற்றோர் உடன் கையொப்பம் இட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டா. நிலமற்றவன் மகனும் பொறியாளர் ஆகலாம் என்ற கதவு அன்று திறந்தது. அதனால் பயன் பெற்றோர் நம் ஊர்களில் உண்டு என்பதை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் தவணைதான் நின்றது. வட்டி நிற்கவில்லை என்பதைப் பலர் பிற்பாடே அறிந்தனர்.

நாம் செய்த பிழை

இவ்விடத்தில் நம் பிழை ஒன்றை மறையாது கூறுதல் முறை.

2010-இல் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி மேல்நிலைத் தேர்வில் நன்மதிப்பெண் பெற்றாள். வீராணம் பாசனத்துச் சிற்றூரைச் சேர்ந்தவள். தந்தை நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் கூலி. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பொறியியல் இடம் கிடைத்தது. கையொப்பமிடத் தயங்கிய தந்தையிடம், "வேலை கிடைத்ததும் கட்டிவிடலாம், அஞ்சாதீர்" என்று சொல்லி வங்கிக்கு அழைத்துச் சென்றவர்கள் நாமே. ஆண்டுக்கு அறுபதாயிரம் வீதம் நான்காண்டுகளில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கடன். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு.

அவள் படித்து முடித்தாள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. கடலூரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினாள். சில தவணைகள் கட்டினாள், பின்னர் இயலவில்லை. 2018-இல் வங்கியிலிருந்து வந்த அறிவிப்பில் தொகை நான்கரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தந்தையும் மகளும் நம் இல்லத்துக்கு வந்தனர். பெரியவர் சினந்து பேசவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் ஐயா கைநாட்டு வச்சேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

விசாரித்தபோதுதான் நம் அறியாமையின் ஆழம் தெரிந்தது. பெற்றோர் ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்கு மிகாவிடில், தொழிற்படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டி முழுவதையும் ஏற்கும் திட்டத்தை மைய அரசு 2009-10 முதலே நடத்திவந்தது. வருமானச் சான்று ஒன்றை வங்கியில் கொடுத்திருந்தால் போதும். கணக்கிட்டுப் பார்த்தோம். முதல் அறுபதாயிரத்துக்கு ஐந்தாண்டு, அடுத்ததற்கு நான்கு, அதற்கடுத்து மூன்று, இறுதியாக இரண்டு; ஆகப் பதினான்கு ஆண்டு வட்டி, ஆண்டுக்கு 7,200 வீதம் 1,00,800 ரூபாய். ஒரு சான்றிதழின் விலை அது.

அதனினும் பெரிது ஒன்று இருந்தது. 2012 செப்டம்பர் 11 நாளிட்ட ஆதி திராவிடர் நலத்துறையின் 92-ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதி திராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதி திராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. அப்போது அவள் மூன்றாம் ஆண்டில் இருந்தாள். கல்லூரி அவளிடம் சொல்லவில்லை, அவள் அறியவில்லை, தலைமையாசிரியர் என்று பெயர் கொண்ட நாமும் அறியவில்லை. வாங்க வேண்டாத கடனை அவள் மேலும் இரண்டாண்டுகள் வாங்கினாள். நம் அறியாமைக்கு அவள் வட்டி கட்டினாள் என்பதே உண்மை.

இறுதியில் மக்கள் நீதிமன்றத்தில் அசலுக்குச் சற்று மேற்பட்ட தொகையைத் தவணைகளில் கட்டுவதென்று முடிவாயிற்று. கட்டி முடித்தாள். ஆனால் அதற்கிடையில் அவள் தம்பி கல்விக் கடன் கேட்டபோது, தந்தையின் பெயரில் நிலுவை உள்ளது என்று கூறி மறுத்துவிட்டனர். அவன் படிப்பை விட்டுத் திருப்பூர் சென்றான். அந்தக் கடன் அக்காளோடு முடியவில்லை என்பதை இளைஞர்கள் உணர்தல் வேண்டும்.

நீதிமன்றங்கள் கூறியவை

இனி முதல் வினாவுக்கு வருவோம். வழக்குத் தொடுத்தால் கடன் ரத்தாகுமா? ஆகாது என்பதே நேர்மையான விடை. கடன் ஓர் ஒப்பந்தம். அதனைக் கருணையினால் மட்டும் அழிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆயின் நீதிமன்றத்தால் நமக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. மூன்று வகையில் அதனைப் பிரித்துக் காண்போம்.

முதலாவது, கடன் மறுக்கப்படும்போது. இதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2018-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோரின் கடன் வரலாறு சரியில்லையெனில் வங்கி மறுக்கலாம் என்ற கருத்தை ஏற்றது. கேரள உயர் நீதிமன்றமோ 2020-இலும் மீண்டும் 2023-இலும் நேர்மாறாகக் கூறியது. மாணவர்கள் நாளைய நாட்டை ஆக்குவோர். கடன் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்தால் கல்விக் கடனை மறுத்தல் கூடாது என்றது. கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தப் போகிறவர் படித்து உயரும் மாணவரே, தந்தை அல்லர் என்ற கேரளத்தின் கருத்தே நமக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, பணமின்மையால் இடமோ சான்றிதழோ பறிபோகும்போது. இங்கு நீதிமன்றம் பெரிதும் துணை நின்றுள்ளது. 2021 நவம்பரில், கட்டணம் செலுத்தும்போது வங்கி அட்டை செயற்படாமற் போனதால் பம்பாய் ஐ.ஐ.டி. இடத்தை இழந்த தலித் மாணவர் ஒருவருக்கு இடமளிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில், 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட இயலாமையால் தன்பாத் ஐ.ஐ.டி. இடத்தை இழந்த கூலித் தொழிலாளியின் மகனுக்கு, அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி இடம் வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், கட்டண நிலுவையை மாற்றுச் சான்றிதழில் குறித்தல் கூடாது, அது கட்டணம் வசூலிக்கும் கருவி அன்று என்று தீர்ப்பளித்தது. தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் மனத்திற் பதிக்க வேண்டிய தீர்ப்பு இது.

மூன்றாவது, அரசே கடனைத் தள்ளுபடி செய்யும்போது. 2016 ஜூனில் தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. பெரு விவசாயிகளுக்கும் விரிவுபடுத்துக என்று 2017-இல் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2021 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, மெலிந்தவர்க்கு மட்டும் உதவுவது சமத்துவத்துக்கு முரண் ஆகாது என்று கூறியது. இத்தீர்ப்பு உழவர் பற்றியதேயாயினும் மாணவர்க்கும் உரியது என்பது நம் கருத்து. நாளை ஓர் அரசு ஏழை மாணவரின் கடனை மட்டும் ஏற்குமாயின், இத்தீர்ப்பு அதற்கு அரணாக நிற்கும்.

கடல் கடந்த நாட்டின் செய்தியும் இங்குப் பயன்படும். அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் கடனில் பத்தாயிரம் டாலரும், ஏழைகளாயின் இருபதாயிரம் டாலர் வரையும் தள்ளுபடி செய்வதாக அதிபர் பைடன் 2022-இல் அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அத்திட்டத்தை நீக்கியது. சட்டமன்றம் தெளிவாக அதிகாரம் அளிக்காத நிலையில் நிர்வாகம் இவ்வளவு பெருந்தொகையைத் தள்ள இயலாது என்பது காரணம். கடன் சுமையால் அங்கு மிகுதியும் நொந்தவர்கள் கறுப்பின மாணவர்களே. அறிவிப்பை நம்பி மட்டும் இருத்தலாகாது; சட்டமாகவும் நிதி ஒதுக்கீடாகவும் வந்தாலன்றி நிவாரணம் நிலைக்காது என்பதே இதிற் பெறும் படிப்பினை.

எனினும் தீர்ப்பே முடிவு அன்று. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகம் பெரியார் முதலியோர் தலைமையில் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சாசனம் முதன்முறையாகத் திருத்தப்பெற்றது. இன்று நாம் பெறும் கல்வி இடஒதுக்கீடு அத்திருத்தத்தின் மீது நிற்கிறது.

சிதம்பரம் தந்த பாடம்

தொலைவில் தேடுவானேன்? 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை 2013-இல் தனிச்சட்டம் இயற்றி அரசு ஏற்றது. அதன்பின்னும் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 5.44 லட்ச ரூபாயாக இருந்தது. அரசின் கல்லூரியில் அரசின் கட்டணமே வேண்டும் என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் அறப்போர் தொடங்கினர். மழையிலும் பனியிலும் ஐம்பது நாள்களுக்கு மேல் அமர்ந்தனர். 2021 தொடக்கத்தில் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பெற்றது. கட்டணம் 13,610 ரூபாயாயிற்று. ஐந்தாண்டுக்கு இருபத்தேழு லட்சம் கடன் வாங்கியிருக்க வேண்டிய குடும்பத்துக்கு அக்கடன் தேவையற்றதாயிற்று. தள்ளுபடியினும் மேலானது கடனே வேண்டாத நிலை என்பதை நம் சிதம்பரமே காட்டியது.

இனிச் செய்ய வேண்டுவன

தள்ளுபடிக்கு முன்மாதிரி உண்டா? முழுத் தள்ளுபடிக்கு இல்லை, நிவாரணத்துக்கு உண்டு. 2014 பிப்ரவரியில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், 2009 மார்ச் வரை பெற்ற கல்விக் கடன்களில் 2013 இறுதியில் நின்ற வட்டி நிலுவையை அரசே ஏற்கும் என்று அறிவித்து 2,600 கோடி ரூபாய் ஒதுக்கினார். கேரள அரசு 2017-இல் 900 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுத்தது. தவணை தொடங்கும் முதலாண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு, இரண்டாம் ஆண்டில் எழுபத்தைந்து, மூன்றாம் ஆண்டில் அறுபது, நான்காம் ஆண்டில் ஐம்பது என அரசு பங்கு செலுத்தும். எஞ்சியதை மாணவர் கட்டுவார். கடனாளியை இழிவுபடுத்தாமலும் வங்கியை ஏமாற்றாமலும் இருவர்க்கும் வழிசெய்த முறை இது. இங்கும் 2021 தேர்தலில் இரு பெருங்கட்சிகளும் கல்விக் கடன் பற்றி வாக்களித்தன. கட்சி எதுவாயினும், கேரளத்தைப் போன்றதொரு திட்டத்தை நாம் கேட்டல் வேண்டும். தேசியமய வங்கிகள் மாநில அரசின் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. ஆகவே மாநிலம் தன் கருவூலத்திலிருந்து கொடுத்தாலே அது நடைபெறும் என்பதையும் அறிந்து கேட்டல் வேண்டும்.

அதனினும் முதன்மையானது அண்ணல் தொடங்கிய உதவித் தொகையைக் காப்பது. 2020 டிசம்பரில் மைய அமைச்சரவை அதற்கு ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்று முடிவு செய்து, அறுபதுக்கு நாற்பது என மைய, மாநிலப் பங்கை வரையறுத்தது. 1944-இன் மூன்று லட்சம் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. ஆனால் தொகை காலத்தில் வாராவிடில் மாணவன் வட்டிக்கடைக்கே செல்வான். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் ஈடின்றிக் கடன் தருகிறது. ஆயின் தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களுக்கே அது உரியது. நம் பிள்ளைகளில் மிகுதியானோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே பயில்கின்றனர்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள். உதவித் தொகைக்கு உரியவரா என்று அறியுமுன் கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடாதீர். கடன் பெறுவதாயின் வருமானச் சான்றை முதலாண்டிலேயே கொடுத்து வட்டி மானியத்தைப் பதிவு செய்யுங்கள். வங்கி அறிவிப்பு வந்தால் ஒளியாதீர். எழுத்தில் விடை தாருங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி ஆதி திராவிடர், பழங்குடியினர் எவர்க்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கென அலுவலகம் உள்ளது. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமில்லை. அங்கு எய்தும் உடன்பாடு இறுதியானது. கட்ட இயன்றவர் கட்டிவிடுங்கள். நீங்கள் கட்டாத கடன் உங்கள் தம்பியின் வாயிலை அடைக்கிறது.

கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக மண்டபம் கட்டுவது பற்றிப் பேசப்படுகிறது. மண்டபம் பின்னர் எழலாம். வரும் ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒவ்வொரு மேசை போட்டு, விவரம் அறிந்த ஓர் இளைஞரை அமர்த்தி, உதவித் தொகை, அரசாணை, வட்டி மானியம் மூன்றையும் நம் பெற்றோர்க்குச் சொல்லுவோம். நாமும் ஞாயிறுதோறும் வந்து அமர்வோம். பட்ட கடன் ஒன்று நமக்கும் உண்டு.

நாளைப் போவேன் என்று சொல்லியவர் ஒருநாள் புறப்பட்டே விட்டார். அதனால்தான் அவர் பெயர் நின்றது. நாளை தள்ளுபடி வரும் என்று காத்திருப்போர் நாளையிலேயே நின்றுவிடுவர். இன்றே அறிவோம், இன்றே கேட்போம்.

வாழ்க கழகம்! வளர்க நம் கல்வி!